ரயில் ஓட்டுநரை உருவாக்குவது யார்?

விமானத்தில் ஏறி அமர்ந்தால் விமானி தம் பெயரைச் சொல்லி வணக்கம் கூறுகிறார். பேருந்தில் ஏறும்போது ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறோம். ரயிலில் மட்டும் ஓட்டுநரின் பெயரும் தெரிவதில்லை, முகமும் தெரிவதில்லை. ஆனாலும் காலை நெரிசலில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் தங்கள் உயிரை ஒப்படைப்பது அந்த முகம் தெரியாத மனிதரிடம்தான்.

அவருக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தவர் யார்? 'இனி இவர் தனியாக ஓட்டலாம்' என்று கையெழுத்துப் போட்டவர் யார்? எதைப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டார்?

ரயிலின் வரலாற்றைப் பேசும்போது நீராவி இயந்திரத்தைப் பேசுகிறோம், பாலங்களையும் சுரங்கங்களையும் பேசுகிறோம். ஓட்டுநர் உருவான வரலாற்றைப் பேசுவோர் குறைவு. அந்த வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை புலப்படும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் நல்ல ஆசான் ஒருவர் அமர்ந்திருந்த காலத்தில் ரயில் பாதுகாப்பாக ஓடக் கற்றுக்கொண்டது. அந்த இருக்கை காலியானபோதும், அதில் ஆசானுக்குப் பதிலாக அச்சம் வந்து அமர்ந்தபோதும், விலை கொடுத்தவர்கள் பயணிகள்.

கண்ணில் படும் முன்பே நிறுத்த வேண்டும்

முதலில் ஒரு கேள்விக்கு விடை காண்போம். ஓட்டுநர் பயிற்சியை ஏன் வகுப்பறையிலேயே முடித்துவிட முடியாது?

காரும் பேருந்தும் ரப்பர் சக்கரத்தில் தார்ச்சாலையில் ஓடுகின்றன. பிரேக்கை மிதித்தால் சாலை இறுகப் பிடித்துக்கொள்ளும். ரயிலில் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மீது உருள்கிறது. உராய்வு குறைவு என்பதால்தான் ஓர் இயந்திரம் நூற்றுக்கணக்கான டன் எடையை இழுத்துச் செல்ல முடிகிறது. அதே காரணத்தால்தான் அதை நிறுத்துவதும் கடினமாகிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தேவைப்படலாம். நம் நாட்டில் ஓடும் இடிஎஸ் ரயிலின் வேகமே மணிக்கு 140 கிலோமீட்டர்.

ஆகவே, பார்த்த பிறகு பிரேக் போடலாம் என்று ரயில் ஓட்டுநர் காத்திருக்க முடியாது. அடுத்த சமிக்ஞை விளக்கு எந்த வளைவுக்குப் பின்னால், எந்தப் பாலத்துக்கு அப்பால், எந்தப் பக்கத்தில் வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பாதை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, மழை பெய்தால் எந்த இடத்தில் சக்கரம் வழுக்கும் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். ரயில்வேயில் இதனை வழித்தட அறிவு என்பர். இருட்டிலும் மூடுபனியிலும் ஓட்டுநருக்குக் கை கொடுப்பது இந்த அறிவுதான்.

இதை எந்தப் பாடநூலும் முழுமையாகக் கொடுத்துவிட முடியாது. பகலிலும் இரவிலும் அதே பாதையில் போய் வந்து, தெரிந்தவர் ஒருவர் சுட்டிக்காட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சி பெறுபவர் உண்மையான ரயிலில் அமர்கிறார். அவருக்குப் பின்னால் உள்ள பெட்டிகளில் உண்மையான பயணிகள் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ரயிலே அவருக்குப் பள்ளிக்கூடம்.

துடைப்பவராகத் தொடங்கி

இங்கிலாந்தில் 1830ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை திறக்கப்பட்டது. அன்றைய விழாவிலேயே வில்லியம் ஹஸ்கிசன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், 'ராக்கெட்' என்ற புகழ்பெற்ற இயந்திரத்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். இயந்திரம் எவ்வளவு விரைவில் வந்து சேரும் என்பதைக் கணிக்க அந்நாளில் யாருக்கும் பழக்கமில்லை. ஓட்டுபவருக்கும் அது புதிய தொழில். அவருக்கென்று ஒரு பாடத்திட்டமோ தேர்வோ இருக்கவில்லை.

அடுத்து வந்த பல ஆண்டுகளில் பிரிட்டிஷ் ரயில் நிறுவனங்கள் ஓர் ஏணியை உருவாக்கின. பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவன் இயந்திரக் கொட்டகையில் கிளீனராகச் சேர்வான். எண்ணெயும் கரியும் படிந்த இயந்திரத்தைத் துடைப்பது அவன் வேலை. துடைக்கத் துடைக்க எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். பிறகு ஃபயர்மேன் ஆவான். ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்று நிலக்கரியை அள்ளிப் போட வேண்டும். எந்த ஏற்றத்துக்கு முன்னால் எவ்வளவு கரி போட வேண்டும் என்று அறிந்திருந்தால்தான் நீராவி அழுத்தம் குறையாது. கரி அள்ளிய கைகளோடு கண்களும் பாடம் படித்தன. சமிக்ஞைகளை ஓட்டுநரோடு சேர்ந்து பார்த்துச் சொல்வதும் ஃபயர்மேனின் கடமை.

ஓட்டுநர் பதவிக்கு வரச் சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆயின. அதற்கு முன் இரண்டு சோதனைகள் உண்டு. விதிமுறைகளைப் பற்றி மேலதிகாரி வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். பின்னர் அவரே இயந்திரத்தில் ஏறி நின்று, பயிற்சி பெற்றவர் ஓட்டுவதைக் கவனிப்பார்.

இங்கே குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. தேர்வு வைத்தது நிறுவனம். ஆனால் தேர்வுக்குத் தயார் செய்ததில் பெரும் பங்கு தொழிலாளர்களுடையது. 'பரஸ்பர முன்னேற்ற வகுப்புகள்' என்ற பெயரில் ஓட்டுநர்களும் ஃபயர்மேன்களும் தாங்களே வகுப்புகளை அமைத்துக்கொண்டனர். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, மரத்தாலான மாதிரி இயந்திரங்களை வைத்துக்கொண்டு மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தனர். இதற்கு ஊதியம் கிடையாது. ஒரு தலைமுறை தன் தொழிலை அடுத்த தலைமுறையிடம் நேரடியாகக் கையளித்தது எனலாம்.

இதே ஏணி இந்தியாவுக்கும் போனது. 1853ஆம் ஆண்டு பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. ஆனால் அங்கே ஏணியின் மேல்படிகள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. நெடுங்காலம் விரைவு ரயில்களை ஓட்டியவர்கள் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. இந்தியர்கள் கரி அள்ளும் படியிலேயே பல ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டனர். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கற்றிருந்தாலும், தேறியவர் என்று சொல்லும் உரிமை வேறு ஒருவர் கையில் இருந்தது. மதிப்பீடு என்பது திறமையை அளக்கும் கோலாக இருக்கலாம், சிலரை வெளியே நிறுத்தும் கதவாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

கம்பளி நூல் சோதனை

1875ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் உயிரிழந்தனர். ஃபிரித்தியோஃப் ஹோல்ம்கிரேன் என்ற உடலியல் பேராசிரியர் இந்த விபத்தைப் பற்றி யோசித்தார். ஓட்டுநருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தெரியவில்லையோ என்று அவருக்கு ஐயம் எழுந்தது. பல வண்ணக் கம்பளி நூல் கண்டுகளை மேசையில் பரப்பி, ஒரே நிறமுடையவற்றைப் பொறுக்கச் சொல்லும் எளிய சோதனையை அவர் வகுத்தார். ரயில்வே ஊழியர்களைச் சோதித்தபோது, தமக்கு நிறக்குருடு இருப்பதே தெரியாமல் சிலர் பணியில் இருந்தது வெளிப்பட்டது. விரைவிலேயே பல நாடுகளின் ரயில்வேக்களும் கப்பல் துறையும் நிறப் பார்வைச் சோதனையைக் கட்டாயமாக்கின.

லாகர்லுண்டா விபத்துக்கு நிறக்குருடுதான் காரணமா என்பதில் பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் தெரிவித்துள்ளனர். ஆனால் சோதனை பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. இன்றும் ஓட்டுநர் பணிக்கு முதல் வாசல் கண் மருத்துவரின் அறைதான்.

இந்தச் சம்பவம் ஒரு பழக்கத்தையும் விட்டுச்சென்றது. விபத்து நடந்தவுடன், 'இந்த மனிதனிடம் என்ன குறை?' என்று கேட்பது எளிது. 'இந்த மனிதனுக்கு யார், எதை, எப்படிக் கற்பித்தார்கள்?' என்று கேட்பது கடினம். இரண்டாவது கேள்வி உரக்க ஒலிக்க இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காலியான இருக்கை

அனுபவம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் லண்டன் அருகே ஹாரோ - வீல்ட்ஸ்டோன் நிலையத்தில் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் மாண்டனர். விரைவு ரயில் ஒன்று எச்சரிக்கை விளக்கையும் நிறுத்தச் சமிக்ஞைகளையும் கடந்து வந்தது. அதை ஓட்டியவர் புதியவர் அல்லர். ஓட்டுநரும் ஃபயர்மேனும் இறந்துவிட்டதால் காரணம் இறுதிவரை தெரியவில்லை. சமிக்ஞையைத் தவறவிடும் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவியைப் பரவலாகப் பொருத்தும் பணி இதன் பின்னரே வேகம் பெற்றது.

கருவிகள் வந்தன. அதே காலத்தில் நீராவி இயந்திரம் விடைபெற்றது. பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு நீராவி ரயில் சேவை முடிவுக்கு வந்தது. டீசல் ரயிலுக்கும் மின்சார ரயிலுக்கும் கரி அள்ள ஆள் தேவையில்லை. சில ஆண்டுகள் உதவியாளர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். பின்னர் படிப்படியாக அந்த இடமும் நீக்கப்பட்டது. ஓட்டுநர் தனி ஆளானார்.

செலவுக் கணக்கில் இது சரியான முடிவாகத் தோன்றியது. ஆனால் ஃபயர்மேன் வெறும் கரி அள்ளியவர் அல்லர். அவர் பல ஆண்டுகள் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்த மாணவர். அந்த இடம் போனபோது, யாரும் திட்டமிட்டு அமைக்காத ஒரு பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. பத்து, இருபது ஆண்டுகளில் தானாக ஊறிய அறிவை இனிச் சில மாதங்களில் கற்பித்தாக வேண்டும். அதைக் கற்பிப்பது யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதி வைக்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் பிரிட்டனின் ரயில்வே பல நிறுவனங்களாகப் பிரித்துத் தனியார்மயமாக்கப்பட்டது. ரயிலோடு முன் தொடர்பு இல்லாதவர்களும் நேரடியாக ஓட்டுநர் பயிற்சிக்கு எடுக்கப்பட்டனர். அப்போதுதான் அந்தப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி கூர்மையானது.

லாட்புரோக் குரோவ்: பதின்மூன்று நாள் ஓட்டுநர்

1999ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் காலை. லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து புறப்பட்ட ரயில் ஒன்று, லாட்புரோக் குரோவ் என்னுமிடத்தில் எஸ்.என். 109 என்ற சமிக்ஞையின் சிவப்பு விளக்கைக் கடந்து சென்றது. எதிரே விரைவு ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டின் வேகத்தையும் சேர்த்தால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். மோதலிலும் அதைத் தொடர்ந்த தீயிலும் 31 பேர் உயிரிழந்தனர். 400க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

சிவப்பு விளக்கைக் கடந்த ஓட்டுநரும் இறந்துவிட்டார். அவருக்கு வயது 31. ஓட்டுநராகத் தேறிப் பதின்மூன்று நாள்களே ஆகியிருந்தன.

கல்லன் பிரபு தலைமையில் பொது விசாரணை நடைபெற்றது. அந்தச் சமிக்ஞை விளக்கு, பாலத்தாலும் மேலே ஓடும் மின்கம்பி அமைப்புகளாலும் மறைக்கப்பட்டுத் தாமதமாகவே கண்ணில் படும். தாழ்வான காலை வெயிலும் விளக்கின் மீது நேராக விழுந்திருந்தது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை ஓட்டுநர்கள் அதே விளக்கைச் சிவப்பில் கடந்திருந்தனர். எட்டு முறை தவறு நடந்த இடம் என்பது பதிவேட்டில் இருந்தது. ஆனால் அங்கே புதிதாக ஓட்ட வந்தவருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

விசாரணையில் வெளிவந்த மற்றொரு செய்தி நெஞ்சை உறுத்துகிறது. அவரோடு ரயிலில் சென்று பயிற்சி அளித்தவர், ரயிலை ஓட்டக் கற்றுக் கொடுப்பதே தம் வேலை, வழித்தடத்தைக் கற்றுக் கொடுப்பது தம் பொறுப்பு அன்று என்று கருதியிருந்தார். அப்படியானால் அது யார் பொறுப்பு? அதற்குத் தெளிவான விடை இருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஆசான் இருந்தார். பாடம் இல்லை.

2001இல் வெளியான அறிக்கையில் கல்லன் பிரபு, அந்த நிறுவனத்தில் பயிற்சி தொடர்பான பாதுகாப்புப் பண்பாடு தளர்ந்து கிடந்ததைக் கண்டித்தார். இறந்துபோன ஓட்டுநர் மீது முழுப் பழியையும் போட்டுவிட்டு அவர் கோப்பை மூடவில்லை. 2004இல் ரயில் நிறுவனத்துக்கு 20 லட்சம் பவுனும், 2007இல் தண்டவாள நிர்வாகத்துக்கு 40 லட்சம் பவுனும் அபராதம் விதிக்கப்பட்டன.

ஜப்பான்: விரல் நீட்டிச் சொல்லும் கலை

ஜப்பானிய ரயில் ஓட்டுநரைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. தனியாக அமர்ந்திருக்கும் அவர், சமிக்ஞை வரும்போது விரலை நீட்டிச் சுட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்கிறார். வேகமானியைச் சுட்டி வேகத்தைச் சொல்கிறார். நீராவிக் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பழக்கம் தோன்றியது. கண் பார்வை மங்கத் தொடங்கிய ஓட்டுநர் ஒருவர், தாம் பார்த்தது சரிதானா என்று பக்கத்தில் நின்ற ஃபயர்மேனிடம் உரக்கக் கேட்டு உறுதி செய்துகொண்டதே இதன் மூலம் என்று சொல்லப்படுகிறது.

கண், கை, வாய், காது நான்கும் ஒரே வேலையில் ஈடுபடும்போது கவனம் சிதறுவதில்லை. ஜப்பானிய ரயில்வே தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் 1994இல் நடத்திய ஆய்வில், சுட்டிக்காட்டிச் சொல்லும்போது தவறுகள் நூற்றுக்கு 2.38 என்ற அளவிலிருந்து 0.38ஆகக் குறைந்தது தெரியவந்தது. நியூயார்க் சுரங்க ரயிலும் 1996இல் இதன் ஒரு வடிவத்தைத் தன் நடத்துநர்களுக்குக் கொண்டுவந்தது.

பயிற்சியிலும் இது பெரிதும் உதவுகிறது. மாணவர் மனத்தில் என்ன நினைக்கிறார் என்பது ஆசானுக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொன்னால், அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவு நுட்பமாகப் பயிற்சி கொடுத்த அதே நாட்டில்தான் அந்தக் கொடிய விபத்தும் நடந்தது.

72 மீட்டரும் 8 மீட்டரும்

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் காலை, மேற்கு ஜப்பானின் அமாகாசாகி நகரில் ரயில் ஒன்று வளைவில் தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் உயிரிழந்தனர். 562 பேர் காயமடைந்தனர். அந்த வளைவில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். ரயில் வந்த வேகம் ஏறத்தாழ 116 கிலோமீட்டர்.

ஓட்டுநர் 23 வயது இளைஞர். பதினொரு மாத அனுபவம். விபத்துக்குச் சற்று முன் இத்தாமி நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி 72 மீட்டர் ஓடிவிட்டார். பின்னுக்கு வந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதில் ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதம். தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி அவர் நடத்துநரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். நடத்துநரும் கட்டுப்பாட்டு அறைக்கு வானொலியில் 8 மீட்டர் என்று அறிவித்தார்.

72 ஏன் 8 ஆனது? அந்த நிறுவனத்தில் 'நிக்கின் கியோயிக்கு' என்ற பெயரில் ஒரு மறுபயிற்சி முறை இருந்தது. தவறு செய்த ஓட்டுநரை ரயிலிலிருந்து இறக்கி, பல நாள் அலுவலகத்தில் உட்கார வைப்பார்கள். தன் தவறைப் பற்றிப் பக்கம் பக்கமாக அறிக்கை எழுத வேண்டும். விதிகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். மேலதிகாரிகளின் கடுஞ்சொற்களைக் கேட்க வேண்டும். சிலர் புல் பிடுங்கவும் அனுப்பப்பட்டனர். ரயிலை நிறுத்தும் கலையை மேலும் கற்பிக்கும் பாடம் அதில் மிகக் குறைவு. அந்த இளைஞர் அதற்கு முந்தைய ஆண்டு நிலையத்தைத் தாண்டி ஓடியதற்காகப் பதின்மூன்று நாள் அந்தத் தண்டனையை அனுபவித்திருந்தார்.

2007இல் வெளியான அரசாங்க விசாரணை அறிக்கை, அவருடைய கவனம் ஓட்டுவதிலிருந்து விலகி, நடத்துநருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடந்த வானொலி உரையாடலைக் கேட்பதில் சென்றிருக்கலாம் என்று முடிவு செய்தது. பிரேக் போட வேண்டிய நேரத்தில் அவர் காது வானொலியில் இருந்தது. பொய் நிற்குமா என்ற கவலை அவர் மனத்தை நிறைத்திருந்தது. அந்த வளைவில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் கருவியும் அப்போது பொருத்தப்பட்டிருக்கவில்லை.

லாட்புரோக் குரோவில் பக்கத்து இருக்கையில் பாடம் இல்லை. அமாகாசாகியில் அந்த இருக்கையில் அச்சம் அமர்ந்திருந்தது. மதிப்பீடு என்ற பெயரில் ஆளை அவமானப்படுத்தினால், அவர் தவறு செய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்வதில்லை. தவறை மறைக்கக் கற்றுக்கொள்கிறார்.

பாடம் கற்றவர்கள்

இந்த இரண்டு விபத்துகளுக்குப் பின் பல மாற்றங்கள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் வகுத்த விதியையொட்டி பிரிட்டனும் 2010இல் சட்டம் இயற்றியது. அதன்படி ஓட்டுநருக்கு உரிமம் ஒன்று, சான்றிதழ் ஒன்று. உரிமம் அவர் தகுதியுள்ளவர் என்று சொல்லும். சான்றிதழ் எந்த வகை ரயிலை, எந்தப் பாதையில் ஓட்டலாம் என்று குறிப்பிடும். 'ஓட்டத் தெரியும்' என்பதும் 'இந்தப் பாதை தெரியும்' என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பது சட்டத்திலேயே பதிந்தது.

மாதிரி ஓட்டுநர் அறைகள் பெருகின. பனி, தீ, பிரேக் கோளாறு போன்ற ஆபத்துகளை யாருக்கும் ஆபத்தில்லாமல் அங்கே பயிலலாம். ரயிலில் உள்ள பதிவுக் கருவி, ஓட்டுநர் எந்த இடத்தில் எவ்வளவு பிரேக் போட்டார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. மதிப்பிடுபவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநரோடு உட்கார்ந்து பேசலாம். கவனம், முடிவெடுத்தல், தகவல் பரிமாற்றம், தன்னைத் தான் நிர்வகித்தல் போன்ற பண்புகளையும் பிரிட்டிஷ் ரயில்வே ஏழு பிரிவுகளாக வகுத்து மதிப்பிடத் தொடங்கியது.

பயமின்றி உண்மையைச் சொல்லவும் வழி பிறந்தது. ஸ்காட்லாந்தில் 1996இல் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கிய இரகசியத் தகவல் முறை, லாட்புரோக் குரோவுக்குப் பின் 2000இல் பிரிட்டன் முழுவதும் விரிந்தது. தம் பெயர் வெளியே தெரியாமல் ஊழியர் எவரும் ஆபத்தைச் சுட்டிக்காட்டலாம். ஜப்பானில் விபத்துக்குள்ளான ரயிலை நடத்திய நிறுவனமும், வேண்டுமென்றே செய்யாத மனிதத் தவறுக்கு ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்ற கொள்கையை 2016இல் கொண்டுவந்தது. அந்த முடிவுக்கு வரப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன.

ஓட்டுநர் இல்லாத ரயிலிலும்

'இனி ரயில் தானாகவே ஓடுகிறதே, இந்தக் கவலை எதற்கு?' என்று கேட்கலாம். கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்ஆர்டி 1998 முதல் ஓட்டுநர் இன்றியே ஓடுகிறது. சிங்கப்பூரின் வடகிழக்குப் பாதை 2003இல் அப்படித் திறக்கப்பட்டது.

ஆனால் 2021ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் இரவை மறப்பதற்கில்லை. கேஎல்சிசி நிலையத்துக்கு அருகே சுரங்கத்தில் இரண்டு கிளானா ஜெயா ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பயணிகள் இருந்தனர். 47 பேருக்குக் கடுமையான காயம். மற்றது பயணிகள் இல்லாத ரயில். அதை ஓர் ஓட்டுநர் கையால் இயக்கிக்கொண்டிருந்தார். ரயில் தவறான திசையில் சென்றதே மோதலுக்குக் காரணம் என்றும், அதில் ஓட்டுநரின் கவனக்குறைவு இருந்தது என்றும் விசாரணைக்குப் பின் அன்றைய போக்குவரத்து அமைச்சர் டத்தோஸ்ரீ வீ கா சியோங் அறிவித்தார்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. தானியங்கிப் பாதையில் மனிதர் ஓட்டுவது அரிது. கோளாறு ஏற்பட்ட நேரத்தில்தான், அதாவது மிகக் கடினமான நேரத்தில்தான், அவர் கைப்பிடியைத் தொடுகிறார். நாள்தோறும் ஓட்டுபவருக்குப் பழக்கம் துணை நிற்கும். எப்போதோ ஒருமுறை ஓட்டுபவருக்குப் பயிற்சி மட்டுமே துணை. அப்படியானால் அவருக்குப் பயிற்சி குறைவாக வேண்டுமா, கூடுதலாக வேண்டுமா? இயந்திரம் புத்திசாலியாக ஆக ஆக, மனிதருக்குக் கற்பிக்க வேண்டியது கூடுகிறதே தவிர குறையவில்லை.

ரயில் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம், 'ஓட்டுநர் என்ன செய்தார்?' என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது. அதோடு நின்றுவிடுவதுதான் நியாயமில்லை. அவர் பக்கத்தில் யார் அமர்ந்து கற்பித்தார்கள்? ஆபத்தான இடங்களை அவருக்கு யார் காட்டினார்கள்? சிறு தவறு செய்த அன்று அதை ஒளிக்காமல் போய்ச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்ததா? பொதுப் பணத்தில் புதிய பாதைகளும் புதிய ரயில்களும் வாங்கும்போது, இந்த மூன்று கேள்விகளையும் கேட்கும் உரிமை பயணச்சீட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. விபத்துக்குப் பிறகு கேட்டால் அது விசாரணை. விபத்துக்கு முன்பே கேட்டால் அதுதான் பாதுகாப்பு.